அம்புக்குறி இல்லாத பாதை

பாண் வந்திருந்தது, பாண்காரர் வரவில்லை.

பிள்ளைக்காம்பராவின் கதவுக் கொண்டியில் ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. சண்முகவடிவு பையின் அடியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். சூடு இன்னும் ஆறவில்லை. திரும்பிப் படிகளையும், படிகளுக்குக் கீழே தேயிலைக்குள் இறங்கும் ரோட்டையும் பார்த்தாள். பனிமூட்டம் ரோட்டின் முதல் வளைவோடு நின்றது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

வழக்கமாகப் பாண்காரர் விமலதாச, பேக்கரி ரொட்டி அடுக்கிய பாண்பெட்டியைத் தலையிலிருந்து இறக்கிப் படியில் வைத்துவிட்டு, "வடிவு நங்கி, பிள்ளைக்குப் பாண்!" என்று கூப்பிடுவார். நங்கி என்றால் தங்கச்சி. அவள் வெளியே வரும்வரை நின்று, தேத்தண்ணி வாங்கிக் குடித்து, மழையை இரண்டு பாஷையிலும் திட்டிவிட்டுத்தான் அடுத்த லயத்து வீட்டு வரிசைக்குப் போவார். கீழே நாட்டுப்பக்கம் அவருடைய ஊர். சிங்களக் கிராமங்களைத் தோட்டத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள், தாங்கள் ஏதோ நாட்டுக்கு வெளியே இருப்பதைப்போல. ரேடியோவில் கலவரம், ஊரடங்கு என்று சொன்ன நாளிலிருந்து அங்கேயிருந்து ஒருவரும் மேலே வரவில்லை. பாண் இல்லை, தபால் இல்லை, பொகவந்தலாவை பஸ்ஸும் இல்லை. எண்பத்துமூன்றாம் வருடத்து ஆடி மாதம். மழை விட்ட நேரங்களில் மலைக்கு அந்தப் பக்கம் புகை எழும்புவதைப் பார்த்ததாகத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு ஆட்கள் சொன்னார்கள். மழையில் எரிகிறதென்றால் அது தானாகப் பற்றிய நெருப்பாக இருக்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிள்ளைக்காம்பராவில் அன்றைக்குப் பிள்ளைகள் இல்லை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகாததால் அவளிடம் பிள்ளைகளை விட்டுப்போகவும் இல்லை. ஆனாலும் அவள் வழக்கமான நேரத்துக்கு வந்துவிட்டாள். வராமல் இருந்து, யாராவது ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால் என்ன செய்வது என்று யோசித்திருந்தாள். எதையும் அப்படித்தான் இரண்டுதரம் யோசிப்பாள். யோசித்துச் செய்த பிறகும் சரியாகச் செய்தோமா என்று திரும்பி வந்து பார்ப்பாள்.

பைக்குள் இரண்டு றாத்தல் பாண், மெல்லிய தாளில் சுற்றியிருந்தது. அது பேக்கரித் தாள் இல்லை. தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாளுக்கு மேல் விரிக்கும் தாள். அவள் அதைப் பிரித்தாள். பாணின் சூட்டில் தாள் லேசாக வியர்த்திருந்தது. மேல் மூலையில் அவளுடைய சொந்தக் கையெழுத்து: ஐந்தாம் தாள். பிரதி. கொண்டுபோனவர் விமலதாச.

தாளின் தென்பக்கத்தில், அவள் போடாத ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

நாட்டுப்பக்கத்துப் பாலத்தடியில் ஆரம்பித்து, பைனஸ் மரக்காட்டுக்குள் நுழைந்து, பத்தனைப் புல்வெளியைக் குறுக்கே வெட்டி, அது வௌவால் கல் என்னும் பாறையில் வந்து முடிந்தது. அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அந்தியில் மேற்கணக்கு ஆட்கள் அத்தனை பேரும், கைக்குழந்தைகளோடு, வௌவால் கல்லுக்குத்தான் போய் ஒளிவதாக இருந்தார்கள்.

தோட்டத்து வரைபடமான அந்தத் தாள்களின் கதை நாலு வருடத்துக்கு முந்தியது. மேற்கணக்குப் பேச்சியம்மாவுக்குப் பிரசவ வலி கண்ட அன்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏழாம் நம்பர் லயத்துக்கு லொறி அனுப்பச் சொல்லித் தகவல் போனது. லொறியும் வந்தது. மேற்கணக்கிலும் ஒரு ஏழாம் நம்பர் லயம் உண்டு, கீழ்க்கணக்கிலும் ஒன்று உண்டு. லொறி கீழ்க்கணக்கில் போய் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. மேற்கணக்கில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அது எங்கே நிற்கிறது என்றுதான் தெரியவில்லை. பிள்ளை பிழைத்தது. பேச்சியம்மா பிழைக்கவில்லை.

அப்போது கோயில் மடத்தில் அந்தி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வடிவையும் சேர்த்து, வேலை முடிந்து வரும் இளவட்டங்களுக்கு இக்னேசியஸ் மாஸ்டர் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார். நோட்டன் பிரிட்ஜ்காரர். முப்பதைத் தாண்டாதவர், மழைக்கு ரெயின்கோட் இல்லாமல் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு வருபவர். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்த அன்று அவர் போர்டில் இருந்த கணக்கை அழித்துவிட்டு இரண்டு ஏழாம் நம்பர் லயங்களை வரைந்தார். "உங்க உங்க காம்பரா எங்க இருக்குன்னு வந்து போடுங்க" என்றார். ஒருவர் போட்டதை இன்னொருவர் அழித்தார். தண்ணிப் பீலி இந்தப் பக்கம் இல்லை அந்தப் பக்கம் என்று சண்டை பிடித்தார்கள். சோக்குத்தூள் எல்லோர் தலையிலும் படிந்தது. முதலாம் தாள் அப்படித்தான் பிறந்தது.

தேயிலை அரைக்கும் ஸ்டோரில் பெட்டி கட்டும் மூக்கன், கிழிந்து ஒதுக்கிய தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தான். மெல்லிய தாள் என்பதால் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் அடியில் இருப்பது தெரியும். பிரதி எடுக்கத் தோதாக இருந்தது. தேயிலை வாசனை மட்டும் போகாது. "மோந்து பாத்தே எந்த லயம்னு சொல்லிறலாம்" என்பான் மூக்கன். தண்ணீருக்கு நீலம், பாதைக்குக் கரி, திருத்தத்துக்குச் சிவப்பு. தாளின் மூலையில் இரண்டு வரி எழுதினார்கள்: யாரும் பிரதி எடுக்கலாம். எடுத்தவர் ஒரு திருத்தமாவது கொண்டுவர வேண்டும். பிரதியோடு ஒரு சிவப்புப் பென்சில் துண்டும் கொடுத்தனுப்புவார்கள்.

அது பரவியது. டிஸ்பென்சரிக்காரர் ஒன்று எடுத்தார். சங்கத்து ஆட்கள் ஒன்று எடுத்தார்கள். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் பஸ் ஏறி வந்து, எப்படிச் செய்வது என்று கேட்டுக் கற்றுக்கொண்டு போனார்கள். சண்டைகளும் கூடவே வளர்ந்தன. கசிப்புக் காய்ச்சும் இடத்தைப் போடுவதா வேண்டாமா என்று ஒரு மாதம் பேசினார்கள். பெரிய சண்டை அம்புக்குறியைப் பற்றியது. கணக்கப்பிள்ளை மகன் றோலண்ட், பாதைகளுக்கு அம்புக்குறி போட வேண்டும் என்றான்; ஆஸ்பத்திரிக்கு இப்படி, கடைத்தெருவுக்கு இப்படி என்று. வடிவு கூடாது என்றாள். அவள் ஒரு பாதையைத் தாளில் ஏற்றுவதற்குமுன் ஏறும்போது ஒருதரமும் இறங்கும்போது ஒருதரமும் நடந்து பார்ப்பவள். "பாதை ரெண்டு பக்கமும் போகுது. போறவங்க எங்க போறாங்கன்னு நம்ம ஏன் சொல்லணும்?" என்றாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியது அதுதான் முதல்தரம்.  மாஸ்டர் அவள் பக்கம் நின்றார். றோலண்ட் கோபித்துக்கொண்டு தன் பிரதியோடு போய், அம்புக்குறி போட்டுத் தனியாக ஒரு தாள் செய்து, கண்ணாடிச் சட்டம் அடித்துக் கடைத்தெருவில் தொங்கவிட்டான். "றோலண்ட் தாள்ல போனா திரும்பி வர முடியாது, ஒருவழிப் பாதை" என்று மூக்கன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தான்.

விமலதாச இதற்குள் வந்தது பாண் விற்கத்தான். தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டு வாங்கினார். தமிழ் பேசுவாரே தவிர எழுதத் தெரியாது. அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அதனால் அவருடைய திருத்தங்களில் எழுத்து இருக்காது, கோடு மட்டும்தான். பாண்பெட்டி மூடியில் வைத்துப் போடுவதால் கோடுகள் நடுங்கும். ஆனால் ஒன்றும் தப்பாக இருக்காது. எந்தப் பாலத்தில் பலகை உளுத்தது, மழைத்தண்ணி ஓடும் எந்தக் கான் ஓரம் மண் சரிந்தது என்று மற்றவர்கள் எல்லோருமாகக் கொண்டுவந்ததைவிட அவர் ஒருவர் கொண்டுவந்ததே அதிகம். "நாட்டு ஆளுக்கு நம்ம தோட்டத்து மேல என்ன இவ்வளவு அக்கறை?" என்று வடிவின் அத்தை வேலாயி கேட்டாள். "அத்த, பாண் தூக்கிட்டு ஏறுறவருக்கு வழி தெரிய வேணாமா?" என்றாள் வடிவு. அத்தை உதட்டைப் பிதுக்கினாள்.

போன வருடம் ஐந்தாம் தாள் செய்யும்போதுதான் வௌவால் கல் வந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் கும்பல் ஒன்று லயத்துக்கு நெருப்பு வைத்தபோது மேற்கணக்கு ஆட்கள் அதற்குள்தான் ஒளிந்திருந்தார்கள். வடிவுக்கு அப்போது பதினான்கு வயது. பாறைக்கு அடியில் ஒரு லயம் கொள்ளுமளவுக்குப் பொந்து, மழை படாது. போவதற்குத் தேயிலை முடியும் இடத்திலிருந்து ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. மறுபக்கம் செங்குத்து, அங்கிருந்து யாரும் ஏற முடியாது என்பதுதான் எல்லோரும் அறிந்தது. வேலாயி அத்தை தன் சேவலையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அது கூவிவிடாதபடி விடியும்வரை அதன் அலகைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிற்பாடு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

"அத மட்டும் போடாத" என்று மூக்கன் சொன்னான்.

"இருக்கிறத இல்லைன்னு காட்டுனா, அப்புறம் தாள்ல இருக்கிற மத்ததெல்லாம் உண்மைன்னு எப்படிச் சொல்றது?" என்றாள் வடிவு.

மாஸ்டர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "அவசரத்துக்கு ஒதுங்குற இடம். தெரியாத பிள்ளைங்களுக்கும் தெரியணும்" என்றார். கைதூக்கச் சொன்னார்கள். போடுவது என்று முடிவானது. அவள்தான் போட்டாள், கரிப் பென்சிலால், ஏறும்போது ஒருதரமும் இறங்கும்போது ஒருதரமும் நடந்துவிட்டு. செங்குத்துப் பக்கத்தை மட்டும் அவள் நடந்து பார்க்கவில்லை. அங்கே பாதை இல்லை என்று எல்லோரும் சொன்னதை அப்படியே நம்பினாள். வைகாசியில் விமலதாச அந்தத் தாளின் பிரதியைக் கொண்டுபோனார். இப்போது அது திரும்பி வந்திருக்கிறது, சட்டப்படி ஒரு திருத்தத்தோடு.

மாஸ்டரிடம் கேட்கலாம் என்றால் அவர் நோட்டன் பிரிட்ஜுக்குப் போனவர், பஸ் இல்லாமல் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். வடிவு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். மெஷின் ஓடாத ஸ்டோர் வேறு ஏதோ கட்டிடம்போல இருந்தது. மூக்கன் வெறும் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஆயா, பிள்ளைங்கள விட்டுட்டு இங்கிட்டு?"

அவள் தாளை விரித்தாள். அவன் பீடியை அணைத்துவிட்டுத்தான் குனிந்தான். கொஞ்ச நேரம் அவன் விரல் சிவப்புக் கோட்டின்மேல் தொடாமல் நகர்ந்தது.

"அந்தப் பக்கம் வழி இருக்கா?"

"அவரு போட்டது இதுவரைக்கும் தப்பா இருந்ததில்ல."

"அவருதான் போட்டாரா?"

அவள் அதைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கோடு நடுங்கவில்லை. மேசையில் வைத்துப் போட்டதுபோல நேராக ஓடியது. நடுங்காத கை இன்னொருவருடைய கையாக இருக்கலாம். அல்லது அவருடைய கையே, ஒருதரம், உட்கார்ந்து நிதானமாகப் போட்டிருக்கலாம்.

"தெரியல மூக்கண்ணே."

"நம்ம ஆளுதான் போட்டாருன்னே வச்சுக்குவோம். என்ன சொல்றாரு? இந்த வழியா இறங்கி வாங்க, நான் பாத்துக்கிறேன்னு சொல்றாரா? இல்ல, இந்த வழியா ஏறி வருவானுங்க, அங்கிட்டுப் போயிறாதீங்கன்னு சொல்றாரா?"

வடிவு கோட்டின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு அம்புக்குறி போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றான் மூக்கன். அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "சரி விடு. அவருக்குத்தான் நம்ம சட்டம் நல்லாத் தெரியுமே. அம்பு போடக் கூடாதுன்னு நீதானே சொல்லிக்கொடுத்த."

"பாண் சூடா இருந்துச்சு" என்றாள் அவள். "நெஞ்சுல கெட்டது வச்சிருக்கிறவரு பிள்ளைங்களுக்குப் பாண் கொண்டாருவாரா?"

"நல்லதுன்னா நின்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போயிருப்பாரே."

"நின்னா அவர யாராச்சும் பாத்திருந்தா?"

மூக்கன் தலையைச் சொறிந்தான். வெளியே மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது.

அத்தையிடம் சொன்னபோது அத்தை பேசியபடியே மூட்டை கட்டினாள். கம்பளி, ரொட்டிமா, பிரஜைப் பத்திரம் வைத்த தகரப் பேழை. சேவல் கால் கட்டப்பட்டு அடுப்படியில் கிடந்து எல்லாவற்றையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. எழுபத்தேழுச் சேவல் அல்ல, அதன் வழியில் வந்த ஒன்று.

"வௌவால் கல்லுக்குப் போக வேணாம்னா வேற எங்கடி போறது? துரை பங்களா கேட்டப் பூட்டியாச்சு. கோயிலுக்குப் போனா மொதல்ல கோயில்லதான் தேடுவானுங்க. தேயிலைக்குள்ள படுத்தா இந்த மழையில விடியுறதுக்குள்ள பிள்ளைங்க வெறச்சுப் போகும். சொல்லு, எங்க?"

"தெரியல அத்த."

"நாலு வருசமா தோட்டமெல்லாம் நடந்து நடந்து கோடு போட்டீங்களே. இப்பக் கேட்டா தெரியலையாம்." அத்தை மூட்டையை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "இத மத்தவங்ககிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. சொன்னா ஆளுக்கொரு பக்கம் ஓடுவாங்க. மொதல்ல நீ முடிவு பண்ணு."

அவளால் ஒரு பாதையைப் பற்றிக்கூட நடந்து பார்க்காமல் முடிவு பண்ண முடிந்ததில்லை. நடந்து பார்ப்பதென்றால் கல்லில் தொடங்கி மறுபக்கம் நாட்டுப்பக்கத்துப் பாலம்வரை இறங்க வேண்டும். திரும்பவும் ஏற வேண்டும். அதற்குள் இருட்டிவிடும். இரண்டு கேள்விகளை மாறி மாறி மனதில் நிறுத்திப் பார்த்தாள். போகச் சொல்லி, அங்கே ஆள் காத்திருந்தால்? போக வேண்டாம் என்று நிறுத்தி, லயத்துக்கு நெருப்பு வந்தால்? ஒன்றை நினைக்கும்போது மற்றது நிஜமாகத் தெரிந்தது. விமலதாசவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். தேத்தண்ணியை ஊதிக் குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். அந்த முகத்திலிருந்து ஒன்றும் வாசிக்க முடியவில்லை. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா என்றுகூடத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தின் ஒவ்வொரு கானையும் அவர் அறிவார். அவருடைய வீடு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறதென்று இவர்கள் யாருக்கும் தெரியாது. அவர்களுடைய தாளில் நாட்டுப்பக்கம் வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது.

அவள் முடிவு பண்ணுமுன்னே அந்தி சாய்ந்தது, ஆட்கள் வௌவால் கல்லுக்குக் கிளம்பினார்கள். ஒருவர்பின் ஒருவராக, பேச்சில்லாமல், கொழுந்துக்குப் போகும் அதே வரிசையில். பேச்சியம்மா விட்டுப்போன பிள்ளை லெட்சுமி வடிவின் கையைப் பிடித்துக்கொண்டது. காலையில் வந்த பாணில் ஒரு துண்டு அதன் மற்றக் கையில் இருந்தது. மழை தூறலாக இளைத்திருந்தது. முன்னால் மூக்கன், கவ்வாத்துக் கத்தியோடு. நடுவில் கைக்குழந்தைக்காரிகள். வேலாயி அத்தை சேவலைக் கம்பளிக்குள் வைத்து அணைத்திருந்தாள்.

தேயிலை முடியும் கடைசிக் கானில் வடிவு முன்னால் ஓடிப்போய் மூக்கனின் தோளைத் தொட்டாள். "இங்க நிப்போம்."

"என்ன?"

"எல்லாரையும் கானுக்குள்ள உக்காரச் சொல்லுங்க. பத்தனை தெரியுற மட்டும் நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன். அதுக்கப்புறந்தான் யாரும் இதத் தாண்டணும்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, மூக்கன் மறுபேச்சுப் பேசவில்லை. கையைத் தாழ்த்திக் காட்டினான். வரிசை அப்படியே கானுக்குள் அமிழ்ந்தது. லெட்சுமியை அத்தையிடம் விட்டுவிட்டு அவள் வளைவுவரை குனிந்து நடந்தாள். சொல்லியும் கேளாமல் அத்தை பிள்ளையை மூக்கனிடம் தள்ளிவிட்டுப் பின்னாலேயே வந்தாள், கம்பளிக்குள் சேவலோடு.

வளைவிலிருந்து பார்த்தால் பத்தனையின் சரிவு முழுவதும் தெரியும். இப்போது மூட்டம் அதன்மேல் இழுத்துப் போர்த்தியதுபோலக் கிடந்தது. வௌவால் கல் மட்டும் மேலே கறுப்பாக நின்றது. அவள் தாளை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையிருக்கவில்லை, பைனஸ் காடு முடியும் இடம் எது, புல்வெளி மடியும் இடம் எது என்று கண் தானாகக் கோட்டைப் போட்டுக்கொண்டது.

அந்தக் கோட்டின்மேல், அது போட்டிருந்த இடத்திலேயே, ஒரு வெளிச்சம் இருந்தது.

ஒன்றுதான். டோர்ச் லைட்டாக இருக்கலாம், லாம்பாக இருக்கலாம். மூட்டம் கலையும்போது தெரிந்தது, மூடும்போது கரைந்தது. அது அசைந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் வேறு வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாமல் நடப்பவர்கள் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. கல்லைப் பார்த்து ஏறுகிறதா, கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குகிறதா? அவள் கண்ணிமைக்காமல் பார்த்தாள். ஏறுவதாகத் தோன்றிய மறுகணம் இறங்குவதாகத் தோன்றியது.

பிறகு அது நின்றது. நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பி, அவர்கள் இருந்த பக்கத்தைப் பார்த்தது.

பக்கத்தில் கம்பளிக்குள் சேவல் ஒருமுறை சிலிர்த்து, கழுத்தை நீட்டியது. வேலாயி அத்தை கண்ணை வெளிச்சத்திலிருந்து எடுக்காமலே கையை உள்ளே விட்டு, அதன் அலகைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.